நான்தான் கட்டினேன்

ஃபேப்ரிகேட் என்ற ஆங்கிலச் சொல்லை நான் முதன்முதலில் கேட்டது இலங்கை மலையகத்து ஹட்டனில், ஒரு விசாரணை அறையில். ஐம்பதுகளின் பிற்பகுதி அது. எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஆங்கிலத்தில் என் பெயரை எழுதுவேன், அவ்வளவுதான். அந்தச் சொல்லை எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை என்னைக் குறித்துத்தான் சொன்னார் என்பதுகூட எனக்கு விளங்கவில்லை.

விசாரணை என் வீட்டுக்காரரின் வேலையைப் பற்றியது. கொட்டகலைக்கு மேலே இருந்த ஒரு தோட்டத்துத் தேயிலை ஆலையில் அவர் ரோலர் மிஷினில் நின்றார். ஆலையை நாங்கள் இஸ்டோரு என்போம். வாடிய கொழுந்தை மேல் மாடியிலிருந்து தள்ளுவார்கள். ரோலருக்குள் விழுந்து, அரைபட்டு, பச்சை வாடையோடு கீழே வரும். ஒவ்வொரு ரோலரையும் ஓட்டுவது ஒரு நீளமான தோல் பெல்ட்டு. கூரையோரமாகச் சுற்றுகிற இரும்புத் தண்டிலிருந்து அது இறங்கி வரும். பெல்ட்டு ஓடும் இடத்தில் ஆள் கை படாமலிருக்கத் தகர மறைப்பு ஒன்று இருக்கவேண்டும். அவர் நின்ற ரோலருக்கு அது இல்லை. பழையது துருப்பிடித்து உடைந்தபோது கழற்றி மூலையில் போட்டவர்கள், புதிதாக ஒன்று செய்து மாட்டவில்லை.

எனக்கு வேலை இஸ்டோருக்குப் பக்கத்திலேயே பிள்ளைக்காம்பராவில். கொழுந்துக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். பகலில் பிள்ளைகள் கண்ணயர்ந்ததும், இன்னொரு ஆயாவிடம் சொல்லிவிட்டு அவருக்கு ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுபோய்க் கொடுப்பேன். அன்றைக்கும் அப்படித்தான் போனேன்.

நான் வாசலை அடைந்தபோது அவருடைய ரோலர் நின்றிருந்தது. பெல்ட்டு சக்கரத்திலிருந்து கழன்று தொங்கியது. மேலே தண்டு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. டீமேக்கர், அதாவது ஆலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"எஞ்சின நிப்பாட்டச் சொல்லுங்கய்யா. மாட்டிடுறேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஒரு பெல்ட்டுக்காக எல்லா ரோலரையும் நிப்பாட்டவா? கொழுந்து பூராவும் புளிச்சுப் போகும். ஓடுறப்பவே மாட்டு. சுருக்கா மாட்டு."

இவர் ஒரு கணம் தயங்கினார். அந்தத் தயக்கத்தை நான் பார்த்தேன். பிறகு பெல்ட்டைப் பிடித்து இழுத்துச் சக்கரத்தில் ஏற்றினார். பெல்ட்டு ஏறியது. ஏறும்போது அவருடைய வலது கையையும் கூட்டிக்கொண்டு போனது.

அவர் கத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம். யாரோ தட்டிக் கூப்பிட்டதைப்போலத் திரும்பி என்னைப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்துவிட்டார். கத்தியது நான்தான். ரொட்டிச் சட்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். விரல்கள் இருந்த இடத்தில் விரல்கள் மாதிரி ஒன்றும் இல்லை. சேலைத் தலைப்பைப் பல்லால் கடித்துக் கிழித்துச் சுற்றினேன். சுற்றச் சுற்ற ஊறியது. சுற்றி நின்றவர்கள் கிட்டே வரவில்லை. டீமேக்கர் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. எஞ்சினை யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது, திடீரென்று அந்தப் பெரிய கட்டடம் முழுக்க அமைதியாகிவிட்டது. என் மூச்சு எனக்கே கேட்டது.

லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது விரல் இருந்தது, ஆனால் மடங்கவில்லை.

லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் ஒற்றைக் காம்பராவுக்கு அவர் திரும்பி வந்த மறுநாள் கங்காணி வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"தொரை வேலைய நிப்பாட்டிட்டாரு தம்பி. ஓடுற மிசினுல சொல்பேச்சுக் கேக்காம கை வச்சேன்னு எழுதியிருக்காங்க. மாசக் கடைசியில காம்பராவ விடணுமாம்."

"யார் சொல்பேச்சுங்க?" என்றேன் நான். "மாட்டுன்னு சொன்னதே அவங்கதானே?"

கங்காணி என் முகத்தைப் பார்க்காமல், "எனக்கு என்னம்மா தெரியும்" என்றார்.

விரல் போனதைவிட அந்தச் செய்திதான் எங்களை அடித்துப்போட்டது. நாங்கள் இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே இருந்தோம். சோறு ஆறிப்போனது. இருந்த ஒரு காம்பராவும் போனால் எங்கே போவது? இந்தியாவில் எங்களுக்கு யாரையும் தெரியாது. என் வீட்டுக்காரரின் அப்பாவே இந்த மலையில் பிறந்தவர்.

தொழிற்சங்கப் பிரதிநிதியிடம் போனோம். அவர் ஹட்டனில் விசாரணைக்கு ஏற்பாடு செய்தார். "சாட்சி வேணும் தங்கச்சி. டீமேக்கர் சொன்னதக் காதால கேட்ட ஆள் வேணும்" என்றார். அன்று இஸ்டோரில் நின்றவர்கள் ஒவ்வொருவரிடமும் போனேன். ஒருவர் என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். "கேட்டேன்னு சொன்னா நாளைக்கு நானும் காம்பராவ விடணும் தாயி. எனக்கு நாலு புள்ளைங்க" என்றார். அவர்மீது எனக்குக் கோபம் வரவில்லை. கடைசியில் சாட்சி நான் ஒருத்திதான்.

விசாரணை அன்று விடியும்போது நல்ல மழை. அவருடைய கைக் கட்டை அவிழ்த்து, புண்ணைத் துடைத்து, வெள்ளைத் துணியால் புதிதாகக் கட்டிவிட்டேன். பஸ்ஸில் ஹட்டனுக்குப் போய்ச் சேர்ந்தபோது துணியின் ஓரம் நனைந்திருந்தது.

அறை சிறியது. நீள மேசைக்குப் பின்னால் விசாரணை அதிகாரி, சிங்களவர், தடிப்பான கண்ணாடி போட்டவர். ஒரு பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் துரை, அவரோடு டீமேக்கர். மறுபக்கத்தில் நானும் வீட்டுக்காரரும். எங்களுக்குப் பின்னால் பிரதிநிதி. நடுவில் மொழிபெயர்ப்பாளர் நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், கம்பளி மப்ளரைக் கழுத்தில் சுற்றியிருந்தார். இருமிக்கொண்டே இருந்தார். கேள்வி ஆங்கிலத்தில் வரும், அவர் தமிழில் சொல்வார். நாங்கள் சொல்வதை அவர் ஆங்கிலத்தில் சொல்ல, அதிகாரி எழுதுவார்.

நான் பார்த்ததை அப்படியே சொன்னேன். ரோலருக்குத் தகர மறைப்பு இல்லாதது, பெல்ட்டு கழன்று தொங்கியது, எஞ்சினை நிறுத்தச் சொல்லி இவர் கேட்டது, ஓடும்போதே மாட்டு என்று டீமேக்கர் சொன்னது, எல்லாம். டீமேக்கர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு நீர் என்ன செய்தனீர் எண்டு ஐயா கேக்கிறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் துரை குறுக்கிட்டு வேகமாக ஏதோ சொன்னார். அந்த வேகத்தில் ஒரு சொல் மட்டும் காதில் விழுந்தது. ஃபேப்ரிகேட். அதை இரண்டு தடவை சொன்னார். சொல்லிக்கொண்டே எங்கள் இரண்டு பேர் பக்கமும் கையை நீட்டினார். மொழிபெயர்ப்பாளருக்கு இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"இது முழுக்க நீர் கட்டினது எண்டு துரை சொல்லுறார். நீர்தானே கட்டினது?"

நான் என் வீட்டுக்காரரின் கையைப் பார்த்தேன். வெள்ளைக் கட்டு. துரை அந்தக் கையைத்தான் காட்டினார் என்று நினைத்தேன். துரைக்கு இதையாவது கேட்கத் தோன்றியதே என்று எனக்கு மனசு கொஞ்சம் இளகியது.

"ஆமாங்கய்யா. நான்தான் கட்டினேன். வேற யாருமே கிட்ட வரலீங்க. டீமேக்கரையாகூடப் பாத்துக்கிட்டுதான் நின்னாங்க. நானே தனியாத்தான் கட்டினேன்" என்றேன்.

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்தது. அதிகாரியின் பேனா அப்படியே நின்றது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். துரையும் என்னை உற்றுப் பார்த்தார். எனக்கு ஒரு வெள்ளைக்காரர் முகத்தைப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அவர் முகத்தில் வெற்றி இல்லை, திகைப்புத்தான் இருந்தது என்பது தெரிந்தது. அவரே எதிர்பார்க்காத ஒன்றை நான் சொல்லிவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. டீமேக்கர் தலையைத் தூக்கினார். அன்றைக்கு அவர் தலையைத் தூக்கியது அப்போதுதான்.

பின்னாலிருந்து நாற்காலி உருண்டு விழும் சத்தம் கேட்டது. பிரதிநிதி எழுந்துவிட்டார். "என்ன தங்கச்சி சொன்னே! என்ன காரியம் பண்ணினே!"

"என்னங்கய்யா?" என்றேன். "கட்டினதத்தானே சொன்னேன்."

"பொய் சொன்னியான்னு கேட்டாங்கம்மா. இதெல்லாம் நீ கட்டின கதையான்னு கேட்டாங்க. நீ ஆமான்னுட்டியே!"

எனக்குக் காது அடைத்துப்போனது. அறை இருந்த இடத்தில் இருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, ஆனால் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதிகாரி எழுதுவது தெரிந்தது. என் வாயால் நானே பொய்க்காரி என்று சொல்லியாகிவிட்டது, அதை ஒருவர் எழுதிக்கொண்டும் இருக்கிறார். எழுதி முடித்தால் எங்கள் காம்பரா போய்விடும். எழுந்து ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. எழப்போனேன். என் வீட்டுக்காரர் இடது கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"கையத்தாங்க சொன்னா" என்றார் அவர், யாரையும் பார்க்காமல். "ரத்தம் நிக்காம ஓடுச்சு. சீலையக் கிழிச்சு இவதான் கட்டினா. அதத்தாங்க சொல்றா."

மொழிபெயர்ப்பாளர் அவர் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த மனிதரின் முகம் சிவந்துபோனது. மப்ளரை அவிழ்த்து மேசையில் வைத்தார். அதிகாரியிடம் ஆங்கிலத்தில் நீளமாகப் பேசினார். இடையில் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டினார். துரை எதிர்த்து ஏதோ சொன்னார், அவர் பேச்சை நிறுத்தவில்லை. பிழை தன்னுடையது, கேள்வியைத் தான் சரியாகக் கேட்கவில்லை, இந்தப் பெண் காயத்துக்குக் கட்டுப் போட்டதைத்தான் சொன்னாள் என்று அவர் சொன்னதாகப் பிரதிநிதி பிறகு எங்களுக்குச் சொன்னார். அத்தனை பேர் முன்னால், தன் வேலைக்கே கேடு வரலாம் என்று தெரிந்தும் அவர் அதைச் சொன்னார். அதிகாரி எழுதியதைக் குறுக்காக வெட்டினார்.

"கதை கட்டினனீரோ எண்டுதான் நான் கேட்டிருக்க வேணும். பிழையாப் போச்சுது பிள்ளை" என்றார் மொழிபெயர்ப்பாளர் என்னிடம். "இப்ப அவசரப்படாம ஆறுதலாச் சொல்லும். நீர் சொன்னது உண்மையோ?"

"உண்மைங்கய்யா."

திரும்பும்போது பஸ்ஸில் என்னால் உட்கார முடியவில்லை. லயத்துக்கு வந்த பிறகும் அடுப்பு மூட்டத் தோன்றவில்லை. பக்கத்துக் காம்பராக்காரி வந்து மூட்டிக்கொடுத்தாள்.

தீர்ப்பு பிந்தித்தான் வந்தது. சங்கக் காரியாலயத்தில் பிரதிநிதி அதை ஆங்கிலத்தில் படித்து, வரிக்கு வரி தமிழில் சொன்னார். வேலை நீக்கம் ரத்து. வீட்டுக்காரருக்கு இஸ்டோரில் லேசான வேலை கொடுக்கவேண்டும். டீமேக்கர் உத்தரவு போட்டார் என்பதற்குப் போதிய சாட்சி இல்லை. காம்பரா தப்பியது. நான் பெருமூச்சு விட்டு எழுந்தேன். அப்போது பிரதிநிதி இன்னொரு வரியை வாய்விட்டுப் படித்தார். அந்த வரிக்குள் எனக்குத் தெரிந்த ஒரு சத்தம் கேட்டது.

"நில்லுங்கய்யா. அத இன்னொரு தடவ படிங்க."

படித்தார். அதே சொல். ஃபேப்ரிகேட்.

"அதுல என்ன பொய்யின்னு எழுதியிருக்காங்க?" என்றேன்.

"பொய்யா? இல்லம்மா. ரோலருக்குப் புதுசாத் தகர மறைப்பு ஒண்ணு தோட்டத்துப் பட்டறையிலயே செஞ்சு மாட்டியாச்சாம். அதத்தான் எழுதியிருக்காங்க."

"செஞ்சதுக்கும் அந்த வார்த்தைதானா?"

"ஆமா. செய்யிறதுன்னும் அர்த்தம் உண்டு. பொய்யாக் கட்டுறதுன்னும் உண்டு. இங்கிலீசு அப்பிடித்தான்" என்று அவர் காகிதத்தை மடித்தார்.

நான் அசந்துபோய் நின்றேன். முன்னமே செய்து மாட்டியிருக்கவேண்டிய தகரம். அதற்கும் இந்தச் சொல்தான். அது இல்லாததால் விரல் போனது என்று நான் சொன்ன உண்மைக்கும் இந்தச் சொல்தான். இதே ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எப்படி இரண்டையும் சொல்கிறார்கள் என்று எனக்குத் தாங்கவில்லை. இஸ்டோருக்குப் போய்ப் பார்த்தேன். புதுத் தகரம் இருந்தது. பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகு என்னைப் பிள்ளைக்காம்பராவிலிருந்து கொழுந்துக்கு மாற்றினார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. மழையில் நின்று பறித்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஹட்டனில் கன்னியர் மடத்தில் தோட்டத்துப் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தார்கள், அங்கே போக ஆரம்பித்தேன். தைப்பதற்காக மட்டும் நான் போகவில்லை. அங்கே ஒரு வெள்ளைக்காரச் சிஸ்டர் இருந்தார். அவருக்கு ஆங்கிலம் தாய்மொழி. தமிழைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர், அதனால் எங்களிடம் பேசும்போதும் மேடையில் பேசுவதுபோலத்தான் பேசுவார். பல நாள் கூச்சப்பட்டுவிட்டு ஒருநாள் அவரிடம் கேட்டேன்.

"சிஸ்டர், ஃபேப்ரிகேட்டுன்னா செய்யிறதா, பொய் சொல்றதா?"

அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தச் சொல்லை உனக்கு யார் சொன்னார்கள்?"

நடந்ததைச் சொன்னேன். முடித்ததும் அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். அவர்களுடைய பூசை மொழியான லத்தீனில் ஃபாபெர் என்றால் இரும்பிலோ மரத்திலோ வேலை செய்கிறவன், கொல்லன், தச்சன். அவன் வேலை செய்யும் பட்டறைக்கு ஃபாப்ரிகா என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். கையால், உழைத்து, ஒரு பொருளைச் செய்வது. முதலில் அதற்கு அந்த ஒரே பொருள்தான்.

"இயேசுவை வளர்த்த எங்கள் புனித சூசையப்பரும் ஃபாபெர்தான்" என்றார் சிஸ்டர். "அவர் செய்த தொழிலின் சொல் அது."

எனக்கு மறுபடியும் அதிர்ச்சி. அறையின் மூலையில் கையில் லீலிப் பூவோடு சூசையப்பரின் சுரூபம் இருந்தது. சாமி செய்த தொழிலின் சொல்லா என்மீது விழுந்தது?

"அப்ப எப்ப சிஸ்டர் அது பொய்யாச்சு?"

"பிறகு. வெகு காலத்துக்குப் பிறகு. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஃபோர்ஜ் என்று இன்னொரு சொல் இருக்கிறது. கொல்லனின் உலை. அதுவும் இந்த ஃபாப்ரிகா பெற்ற பிள்ளைதான். இப்போது அதற்குக் கள்ளக் கையெழுத்துப் போடுவது என்றும் பொருள். இரண்டு பிள்ளைகளும் கெட்டுப்போயின." அவர் வருத்தமாகச் சிரித்தார். "எங்கள் ஆங்கிலம் ஏழைத் தொழிலாளியின் சொல்லைப் பத்திரமாக வைத்திருக்கவில்லை."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "எங்க தமிழ்லயும் அப்படித்தான் சிஸ்டர். வீடு கட்டுறோம், பூக் கட்டுறோம், கதையும் கட்டுறோம். திருவிழாவுக்குத் தேரச் சோடிக்கிறோம், பொய் வழக்கையும் சோடிக்கிறாங்க."

சிஸ்டர் கண்ணை விரித்தார். "உங்கள் மொழியிலுமா?" என்று கேட்டு, ஒரு துண்டுத் துணியில் தையல் சோக்குக்கட்டியால் அவற்றை எழுதச் சொன்னார். நான் எழுதினேன். அதே துணியில் அவர் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லை எழுதிக் காட்டினார். நான் பார்த்து எழுதிய முதல் ஆங்கிலச் சொல், என் பெயரைத் தவிர, அதுதான். அன்றிலிருந்து தையல் முடிந்த பிறகு எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார்.

அன்று லயத்துக்குத் திரும்பியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பட்டறையில் வேலை செய்கிறவன் சொல்லாம், சாமியுடைய தொழிலாம், பிறகுதான் பொய்யென்று ஆனதாம்.

அவர் இடது கையால் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அது நல்ல வார்த்தைதானே புள்ள" என்றார். "நல்ல வார்த்தைய வச்சா உன்ன வையணும்? அவங்ககிட்ட வேற வார்த்தையா இல்ல?"

எனக்கு அழுகை வந்தது. விசாரணை அன்றுகூட நான் அழவில்லை.

படித்துத் தேறுவதற்குச் சில வருடம் பிடித்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் மடத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு உதவி ஆசிரியையாகச் சேர்ந்தேன். நாடு சுதந்திரமடைந்த கையோடு தோட்டத்து ஆட்களுடைய பிரஜாவுரிமையை, அதாவது குடியுரிமையை, பறித்திருந்தார்கள். அதைத் திரும்பக் கேட்டு விசாரணைக்குப் போகிறவர்கள் அந்த நேரத்தில்தான் என்னைத் துணைக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு அங்கே பேச உரிமை கிடையாது. சும்மா பின்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஒருமுறை வட்டவளைப் பக்கத்துக்காரர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், என்னை அழைத்துப்போனார். அன்று வேறொரு மொழிபெயர்ப்பாளர், இளைஞர். "உங்களுக்கு இந்த நாட்டில் நிரந்தரமான தொடர்பு உண்டா?" என்று கேட்டார்.

வட்டவளைக்காரர் முகம் கறுத்துவிட்டது. பக்கத்தில் அவருடைய மனைவி இருந்தாள். "என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? எனக்கு அப்படித் தொடுப்பு யாரோடயும் கெடையாது. கட்டினவளத் தவிர யாரையும் ஏறெடுத்துப் பாத்ததில்ல" என்றார்.

இளைஞர் ஆங்கிலத்தில் திரும்பி, தொடர்பு ஏதும் இல்லை என்கிறார் என்று சொல்லத் தொடங்கிவிட்டார். அப்படியே எழுதிவிட்டால் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்காது. யோசிக்காமல் எழுந்து நின்றேன்.

"ஐயா, மன்னிக்கணும். கேள்விய இன்னொருக்கா கேளுங்க. பிறந்தது எங்க, வளந்தது எங்க, அப்பா அம்மாவப் பொதச்சது எங்கன்னு கேளுங்க."

"நீங்கள் யார்?" என்றார் அதிகாரி ஆங்கிலத்தில்.

"இவருக்குத் தெரிந்தவள்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெளியே போகச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தார். கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். வட்டவளைக்காரர் தன் அப்பாவைப் புதைத்த இடத்தை, பக்கத்தில் ஓடும் ஓடையோடும் அங்கே நிற்கும் சவுக்கு மரத்தோடும் சேர்த்து, நிதானமாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.